உளப்பாடும் ஒழுகலாறும்

தமிழ் இலக்கணம் தன்மைப் பன்மையை இருவகைப்படுத்திக் காட்டுவது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே. ‘நாம்’ என்பது கேட்போனையும் உள்ளடக்கி நிற்கும். ‘நாங்கள்’ என்பது கேட்போனைப் புறத்தே நிறுத்திப் பேசும். பழைய வழக்கில் அம், ஆம் என்னும் வினையீறுகள் முன்னிற்பாரையும், எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரையும் தன்னோடு சேர்க்கும் என நன்னூலார் வகுத்தார். இவ்வாறு பிறரைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் நிலைக்கு உளப்பாடு என்று பெயர். மலாய் மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்தான்.

மக்கட் கூட்டத்தில் ஒருவன் ‘நாம்’ என்பதனுள் அடங்குகின்றானா, ‘நாங்கள்’ என்பதற்கு அப்பால் நிற்கின்றானா என்பதே பழகுதல் என்னும் பொருளின் உயிர்நிலை. ஆட்டிசம் உடைய பிள்ளைகளையும் இளைஞரையும் சிறு குழுவாக அமர்த்திப் பழகுமுறை கற்பிக்கும் பயிற்சி மேலைநாடுகளில் வளர்ந்து இன்று ஆசிய நாடுகளிலும் பரவியுள்ளது. அப்பயிற்சி அப்பிள்ளையை எந்தப் பன்மையில் வைக்கிறது? மலாக்கா மாநிலத்து டுரியான் துங்கால் போன்ற சிற்றூர்களிலும் தோட்டப்புறங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பொருளும்

‘ஆட்டிசம்’ என்பது ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்றும் ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்றும் இதனை மொழிபெயர்த்து வழங்குவர். முன்னது அறிவு இறுகிவிட்டது போன்ற எண்ணத்தையும், பின்னது செருக்குடைமை போன்ற எண்ணத்தையும் தோற்றுவிக்கும். இரண்டும் பொருந்தா. பெற்றோர் செவிக்கு இவை பழிச்சொற்களாகவும் ஒலிக்கக்கூடும். ஆதலின் ‘ஆட்டிசம்’ என்னும் சொல்லே ஈண்டு ஆளப்படுகிறது.

1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 பிள்ளைகளைக் கண்டு எழுதிய கட்டுரையே இத்துறையின் தலைவாயில். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தாம் கண்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். கானர் குறித்த இயல்புகளுள் ஒன்று மொழியாசிரியர் கருத்தைக் கவரத்தக்கது. அப்பிள்ளைகளுள் சிலர் தம்மை ‘நீ’ என்றும் எதிரில் இருப்பவரை ‘நான்’ என்றும் கூறினர். ‘உனக்குப் பசிக்கிறதா?’ என்று தாய் வினவிய தொடரை அப்படியே திருப்பிச் சொல்லித் தன் பசியை உணர்த்தும் பிள்ளையைத் தமிழ் இல்லங்களிலும் காணலாம். இதனைப் பிழை என்று மட்டும் கருதி ஒதுக்குவது பொருந்தாது. கேட்ட தொடரை முழுமையாகக் கொண்டு, அதன்வழியே தன் கருத்தைச் சொல்ல முயலும் முயற்சி அது. பேச விரும்பாத பிள்ளை அவ்வாறு முயலாது.

பயிற்சியின் அமைப்பு

குழுப்பயிற்சிகள் பலவாயினும் அவற்றின் கட்டமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஒரு சிறு குழு வாரம் ஒருமுறை கூடும். பயிற்றுநர் அன்றைய நெறியைச் சொல்வர். அதனைப் பிழைபடவும் செம்மையாகவும் நடித்துக் காட்டுவர். பிள்ளைகள் தமக்குள் நடித்துப் பழகுவர். வீட்டுப்பாடம் பெற்றுச் செல்வர். மறுவாரம் அது செய்யப்பட்டதா என வினவப்படும்.

இவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன், பிரெட் பிராங்கெல் ஆகியோர் வகுத்த ‘பியர்ஸ்’ பயிற்சி. இதன் கையேடு 2010-இல் வெளிவந்தது. இளைஞருக்கான அத்திட்டம் 14 வாரம், வாரத்திற்கு 90 நிமிடம் நடைபெறும். பெற்றோரும் அதே நேரத்தில் வேறோர் அறையில் பாடம் கேட்பர். செய்தியைக் கொடுத்து வாங்கி உரையாடுதல், பேசிக்கொண்டிருப்போரிடையே சேருதல், அதினின்று விலகுதல், நகைச்சுவையை இடமறிந்து கையாளுதல், நண்பரை வீட்டிற்கு அழைத்தல், கேலியை எதிர்கொள்ளுதல் ஆகியன அதன் பாடங்கள்.

இதன்கண் ஒரு சிறப்பு உண்டு. அது மேடையில் நின்று கூறும் அறிவுரை அன்று. நண்பரைப் பெற்று வாழும் இளைஞர் உண்மையில் எவ்வாறு நடக்கின்றனர் என்பதை நோக்கி அந்நெறிகள் வகுக்கப்பட்டன. கேலி செய்வானைக் கேளாதவன்போல் இரு என்றும், பெரியவரிடம் சொல் என்றும் உலகம் அறிவுரை கூறும். அவ்விரண்டும் பெரும்பாலும் பயனிலவாதலை அறிந்து, ‘அதனால் என்ன?’ என்பது போன்ற குறுந்தொடரைப் பொருட்படுத்தாத குரலில் சொல்லிவிட்டு அகலுமாறு அக்கையேடு கற்பிக்கிறது. பிறர் தாமாகவே உணர்ந்துகொள்ளும் எழுதாச் சட்டங்களை வெளிப்படையாகச் சொல்லித் தருதல், அவற்றை உணரமாட்டாது தடுமாறும் பிள்ளைக்குப் பேருதவி. நன்னெறிப் பாடம் நடத்தும் ஆசிரியர் இத்தெளிவைக் கற்றுக்கொள்ளலாம்.

அளந்து கண்டவை

எப்பயிற்சியையும் அதன் நோக்கத்தால் மட்டும் மதித்தல் ஆகாது. பயனாலும் மதித்தல் வேண்டும். 2012-இல் காக்ரேன் அமைப்பின் சார்பில் ரைக்கோ, ஸ்டெய்னர், வோல்க்மார் ஆகியோர் 6 முதல் 21 வயது வரையினர்க்கான குழுப்பயிற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவர்கள் வரையறைக்குள் வந்த ஆய்வுகள் 5. அவற்றில் பங்குகொண்டோர் 196 பேர். பழகும் திறனும் நட்பின் தரமும் ஓரளவு உயர்ந்தன, தனிமையுணர்வு குறைந்தது. ஆயின் பிறர் உணர்ச்சியை அறிதலிலும், மரபுத்தொடர்களின் பொருளை உணர்தலிலும் வேறுபாடு காணப்படவில்லை.

2017-இல் கேட்ஸ், காங், லெர்னர் ஆகிய மூவர் 19 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். பெற்றோர் மதிப்பீட்டில் சிறிது நலம் தென்பட்டது. ஆசிரியர் மதிப்பீட்டிலோ உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. இளைஞர் தம்மைப் பற்றித் தாமே கூறியதில் பெரிய முன்னேற்றம் தோன்றியது. அதனைப் பகுத்துப் பார்த்தபோது, எவ்வாறு பழகவேண்டும் என்பதை அறிந்துகொண்டதாகவே அவர்கள் கூறினர் என்பதும், அவ்வாறு பழகினதாகக் கூறவில்லை என்பதும் வெளிப்பட்டன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை ஈண்டு நினைவுகூரலாம். ஆயினும் பழியைப் பிள்ளைமேல் சுமத்துதல் முறையன்று. அறிந்ததைச் செய்யவில்லையெனின், செய்வதற்கு இடம் இருந்ததா என்று வினவுதல் வேண்டும். பந்தைத் தருமாறு கேட்கும் முறையைக் குழுவறையில் பிழையின்றிக் கற்ற சிறுவன், பள்ளித் திடலில் அம்முறைப்படியே கேட்டும், ஆடுவோர் அவனைப் பாராமல் ஆடிக்கொண்டிருப்பின், குறை எவரிடத்தது? ஆசிரியர் கண்ணுக்கு மாற்றம் தெரியாமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஏனெனில், பெற்றோர் காண்பது பயிற்சியில் தாமும் பங்குகொண்ட இல்லத்தை; ஆசிரியர் காண்பது பயிற்சியே பெறாத வகுப்பை.

எவருடைய வழக்கு?

இரண்டாவது ஆராயத்தக்கது, கற்பிக்கப்படும் ஒழுகலாறு எந்நாட்டது என்பது. எதிரில் இருப்பவரின் கண்ணை நோக்கிப் பேசுதல் பல பயிற்சிகளில் முதற்பாடம். கண் நோக்காமை இந்தியாவில் 2009-இல் வெளியிடப்பட்ட ஆட்டிச அளவுகோலிலும் ஒரு குறியாக இடம்பெற்றது. ஆயின் தமிழ்க் குடும்பத்தில், பெரியவர் கண்டிக்கும்போது தலைகுனிந்து நிற்கும் பிள்ளையே அடக்கமுடையது; நிமிர்ந்து கண்ணை நோக்கும் பிள்ளை ‘முறைக்கிறான்’ எனப்படும். கண்ணை நோக்குவது தமக்குத் துன்பம் தருவதென்றும், நோக்கினால் கேட்பது மனத்தில் பதிவதில்லை என்றும் ஆட்டிசம் உடைய பெரியோர் பலர் கூறியுள்ளனர். அவ்வாறாயின், அப்பிள்ளையை வருத்திக் கற்பிக்கும் அந்நோக்கு அவன் வீட்டிலேயே பிழையாகக் கொள்ளப்படும் என்பது எத்துணை இரங்கத்தக்க முரண்!

மறுதலையாக, தமிழ்ப் பிள்ளை அறிய வேண்டிய வழக்குகள் மேலைக் கையேடுகளில் இல்லை. ‘சாப்பிட்டாச்சா?’ என்பது நலம் வினவும் சொல்லேயன்றி உணவைப் பற்றிய வினா அன்று. அதனை நேர்ப்பொருளில் கொள்ளும் பிள்ளை, உண்டவற்றை ஒன்றுவிடாது எடுத்துரைக்கும். ‘எங்கே போறே?’ என்பதும் அத்தகையதே. விடைபெறுவோர் ‘போயிட்டு வர்றேன்’ என்பர். அவர் உடனே திரும்பி வரப்போவதில்லை. ‘போகிறேன்’ என்பது மங்கலமன்று என்னும் கருத்தை அறியாத பிள்ளை வாயிலிலே காத்து நிற்பதும் உண்டு. விருந்துக்கு அழைத்தால் முதலில் மறுத்து, மீண்டும் வற்புறுத்திய பின் இசைவதும் எழுதாச் சட்டமே. அண்ணன், அக்கா, மாமா, அத்தை எனப் பிறந்த உறவில்லாதாரையும் உறவுப்பெயரால் அழைத்தலும், நீ, நீங்கள் என்பவற்றை ஆளறிந்து கூறுதலும் இவற்றோடு சேரும்.

டுரியான் துங்காலில் வளரும் பிள்ளைக்கு இஃது இன்னும் விரியும். சந்தையில் மலாய்ப் பெரியவரைப் ‘பாச்சிக்’, ‘மாச்சிக்’ என அழைக்க வேண்டும். சீனர் கடையில் பேசும் முறை வேறு. பள்ளியில் ‘வணக்கம் ஐயா’ வேண்டும். மூன்று இனத்தாரிடையே மூன்று வகை மரியாதையைக் கற்றாக வேண்டிய பிள்ளைக்கு, கலிபோர்னியாவில் வகுத்த பாடத்தை மொழிபெயர்த்து மட்டும் கொடுத்தல் போதாது. கொரியாவிலும் (2014), ஹாங்காங்கிலும் (2019) ‘பியர்ஸ்’ பயிற்சியை ஆராய்ந்தவர்கள் தத்தம் மொழிக்கும் வழக்கிற்கும் ஏற்ப அதனை மாற்றியமைத்துக்கொண்டனர். தமிழுக்கும் அதுவே வழி.

இதனோடு தொடர்புடையது வீட்டு மொழி பற்றிய ஐயம். பேச்சு தாமதப்படும் பிள்ளைக்கு ஒரு மொழியே போதும், தமிழை விட்டுவிடுக என்னும் அறிவுரை பல இடங்களிலும் கேட்கப்படுவது. ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்னும் இருவர் ஆட்டிசம் உடைய 75 பிள்ளைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், இருமொழிச் சூழலில் வளர்ந்தோர்க்கு அதனால் கூடுதல் தாமதம் நேரவில்லை எனக் கண்டனர். தாயும் பாட்டியும் பேசும் மொழியை ஒரு பிள்ளையிடமிருந்து நீக்கிவிட்டுப் பின்னர் அவனுக்குப் பழகுமுறை கற்பிக்கப் புகுதல், வேரைப் பறித்துவிட்டு நீர் ஊற்றுதலை ஒக்கும்.

காண்போன் கடமை

மூன்றாவது குறையே தலையாயது. இப்பயிற்சிகள் பழகுதலின் குறை முழுவதையும் ஒருவனிடத்தே வைத்துப் பார்க்கின்றன. பழகுதல் இருவர் வினை; ஒருவரை மட்டும் திருத்தினால் அது நிறைவுறுவது எங்ஙனம்?

ஆட்டிசம் உடையவரும் அறிஞருமான டேமியன் மில்டன் 2012-இல் இக்கருத்தை வலியுறுத்தினார். ஆட்டிசம் உடையோர் பிறர் உள்ளத்தை அறிவதில் இடர்ப்படுவது போலவே, பிறரும் அவர்தம் உள்ளத்தை அறிவதில் இடர்ப்படுகின்றனர். ஆதலின் அறியாமை இருபாலது என்பது அவர் கொள்கை. 2020-இல் கேதரின் கிராம்டனும் உடனுழைப்போரும் இதனை ஒருவகையில் சோதித்தனர். 72 பேரை எண்மர் எண்மராக 9 வரிசைகளில் நிறுத்தி, முதல்வர்க்குச் சொன்ன கதையை ஒருவர் மற்றொருவர்க்குச் சொல்லிக் கடைசிவரை கொண்டுசெல்லச் செய்தனர். ஆட்டிசம் உடையோர் மட்டும் நின்ற வரிசை, பிறர் மட்டும் நின்ற வரிசைக்குக் குறையாமல் கதையைக் காத்தது. இருசாராரும் கலந்து நின்ற வரிசையிலேயே கதை மிகுதியும் சிதைந்தது. குறை ஒருவர் நாவிலோ செவியிலோ இல்லை. இருவர்க்கும் இடையிலே உள்ளது.

தமிழர்க்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, உவகையும் அச்சமும் வெகுளியும் பிறவும் உடல்வழி எவ்வாறு புலப்படும் என விரிக்கிறது. ஆயினும் அவ்வியலை முடிக்குமிடத்து, கண்ணாலும் செவியாலும் நுணுகி உணரும் உணர்வுடையார்க்கன்றி ஏனையோர்க்கு அதன் பொருள் எட்டுவது அரிது என்னும் கருத்தை வைக்கிறது. காட்டுவோனுக்கு மட்டுமன்றிக் காண்போனுக்கும் கடமை உண்டு என்பது இதனாற் பெறப்படும். மகிழ்ச்சி மிகுந்தபோது கைகளை உதறித் துள்ளும் பிள்ளையின் உவகை, அதனைக் காணக் கற்றவர்க்கு உவகையாகவே தோன்றும். கல்லாதவர்க்குக் குறும்பாகத் தோன்றும். அக்கையை அடக்கு என்று பிள்ளைக்குக் கற்பிக்கும் பயிற்சி, காண்போனைக் கல்லாதவனாகவே விட்டுவிடுகிறது.

அவ்வாறு அடக்கிப் பழகுவதன் விலையும் சிறிதன்று. தம் இயல்பை மறைத்துப் பிறர்போல் நடித்து வாழ்வதைப் பற்றி ஆட்டிசம் உடைய பெரியோர் 92 பேர் கூறியவற்றை லாரா ஹல் முதலியோர் 2017-இல் தொகுத்தனர். நாள்முழுதும் நடித்தபின் வரும் பெருஞ்சோர்வையும், தாம் யார் என்பதே தமக்கு மறந்துபோகும் நிலையையும் அவர்கள் குறிப்பிட்டனர். கூத்தாடுபவன் இரவு முடிந்ததும் ஒப்பனையைக் கலைத்துவிடுவான். கலைக்க இடமில்லாத ஒப்பனையைப் பிள்ளைக்கு இடுவது கல்வியாகாது.

இதற்கு மறுப்பு ஒன்று கூறலாம். உலகம் மாறும் வரை பிள்ளை காத்திருக்க இயலுமா? நாளை வேலைக்குச் செல்ல வேண்டியவன் உலக வழக்கை அறிய வேண்டாவா? அறிய வேண்டும். ஒருவழக்கை அறிந்திருப்பது உரிமை தரும். எப்பொழுதும் அதன்படியே நடந்து தன்னை மறைக்க வேண்டும் என்பது உரிமையைப் பறிக்கும். ‘சாப்பிட்டாச்சா?’ என்பதன் பொருளைக் கற்பிப்பது முன்னதன்பாற்படும். கையை உதறாதே என்பது பின்னதன்பாற்படும். கொள்ளுவதும் தள்ளுவதும் இவ்வரையறையால் அமைதல் நலம்.

தமிழ்ப்பள்ளி செய்யத்தக்கது

இனி, செய்யத்தக்கது யாது? கோனி கசாரியும் உடனுழைப்போரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு வழிகாட்டும். பொது வகுப்பில் பயிலும் ஆட்டிசம் உடைய 60 பிள்ளைகள், 30 பள்ளிகளில். சிலரிடம் பயிற்றுநர் நேரே பழகுமுறை கற்பித்தார். சிலருடைய வகுப்பில் மூன்று தோழர்களுக்கு, தனித்து நிற்பாரோடு சேர்ந்து ஆடும் முறை கற்பிக்கப்பட்டது. தோழர்க்குக் கற்பித்த இடத்தில், அப்பிள்ளையை நண்பன் எனக் குறித்தோர் தொகை உயர்ந்தது. திடலில் தனித்து நிற்றல் குறைந்தது. ஆசிரியரும் முன்னேற்றம் கண்டனர். குழுவறைப் பயிற்சி பெறாத ஆசிரியர் சான்றை வகுப்பறைப் பயிற்சி பெற்றது. விளையாட்டு வெளியில் மேலும் துணை வேண்டும் என்பதும் அவ்வாய்வின் முடிவிலிருந்து தெரிகிறது.

மலேசியாவில் 2008-இல் மாற்றுத்திறனாளர் சட்டம் இயற்றப்பட்டது. எப்பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பலாகாது என்னும் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. சில தமிழ்ப்பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பும் உண்டு. இவை வாயிலைத் திறந்தன. வாயிலைக் கடந்து வந்த பிள்ளையை வகுப்பு ஏற்றுக்கொள்வது சட்டத்தால் ஆவதன்று.

தோட்டங்கள் சுருங்கியதால் மாணவர் தொகை குறைந்த பள்ளிகள் மலாக்காவில் உண்டு. மாணவர் குறைவு பல வகையிலும் கவலைக்குரியதே. ஆயினும் இப்பொருளில் அதுவே ஒரு வாய்ப்பு. பத்துப் பதினைந்து பிள்ளைகள் முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒரே வகுப்பில் உடன் பயில்வர். ‘பியர்ஸ்’ பயிற்சியின் மொத்த நேரம் 21 மணி. தமிழ்ப்பள்ளித் தோழமையின் காலம் ஆறு ஆண்டு. எந்தப் பயிற்சி நிலையமும் அத்தகைய குழுவை அமைத்துத் தர இயலாது. ஆறாம் ஆண்டு முடிந்து, அயலார் நிறைந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நாளில் ஒரு தோழனேனும் உடன் செல்வானாயின், அதுவே அப்பிள்ளைக்குப் பெருந்துணை.

இதற்குப் புதிய பாடவேளை வேண்டுவதில்லை. பல்லாங்குழி போன்று முறைவைத்து ஆடும் விளையாட்டில் விதி வெளிப்படை. அடுத்தது எவர் முறை என்பதில் ஐயமில்லை. டேனியல் லெகாஃப் 2004-இல் எழுதிய லெகோக் குழுமுறையும் இவ்வடிப்படையிலேயே இயங்குவது: ஒருவன் படத்தைப் பார்த்துச் சொல்வான், ஒருவன் கட்டையை எடுத்துத் தருவான், ஒருவன் பொருத்துவான். பிள்ளைக்கு விருப்பமான பொருளே குழுவைக் கூட்டுகிறது. பேருந்து வழித்தடங்களை மனப்பாடமாய் அறிந்த சிறுவனைப் பயணக் கட்டுரைப் பாடத்தில் வழிகாட்டியாக்கலாம். மரபுத்தொடர் கற்பிக்கும் வேளையில், சொல்லின் நேர்ப்பொருளும் வழக்குப்பொருளும் வேறுபடும் இடங்களை வகுப்பு முழுவதற்கும் பட்டியலிட்டுக் காட்டலாம். காக்ரேன் ஆய்வில் பயன் காணாது நின்ற அவ்விடத்தைத் தமிழாசிரியர் தம் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். மெய்ப்பாடு கற்பிக்கும்போது, ஒரே உவகை ஒருவனிடம் சிரிப்பாகவும் ஒருவனிடம் கையுதறலாகவும் வெளிப்படும் என்பதை மற்ற மாணவர்க்கு உணர்த்தலாம். அவனை மட்டும் சுட்டிக் காட்டி உணர்த்துதல் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

குழுப்பயிற்சியை முற்றும் தள்ளுதல் நேர்மையாகாது. அதனால் தனிமை குறைந்தோர் உளர். வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தல், நடித்துப் பழகுதல், பெற்றோரையும் உடன்கொள்ளுதல் ஆகிய மூன்றும் அதனிடமிருந்து கொள்ளத்தக்கவை. வேற்று நாட்டு வழக்கை விதியாக்குதலும், இயல்பை மறைக்கப் பழக்குதலும், ஒருபாலாரை மட்டும் மாணாக்கராக்குதலும் தள்ளத்தக்கவை. ‘எங்களைப் போல் நடக்கக் கற்றுக்கொள், பின்னர் எங்களோடு சேரலாம்’ என்பது ‘நாங்கள்’ என்பதன் கூற்று. ‘நாம் எவ்வாறு சேர்ந்து ஆடலாம்?’ என்று வகுப்பு முழுவதும் கேட்கக் கற்பது உளப்பாட்டுத் தன்மை. இலக்கண வகுப்பில் இவ்விரு சொற்களின் வேறுபாட்டை ஆண்டுதோறும் கற்பிக்கும் ஆசிரியர், அதனைத் திடலிலும் கற்பிக்கத் தகுதியுடையவரே.